முன்பருவக் கல்வியில் விளையாட்டுவழிக் கற்றல்

விளையாட்டுவழிக் கற்றல் என்பது, ஏறத்தாழ 3 வயது முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகள் விளையாட்டு, பாடல், கதை, கைவேலை, சிறு வீட்டு வேலைகள் ஆகியவற்றின் வழியாக மொழி, எண், உடல் இயக்கம், பிறரோடு பழகும் முறை முதலியவற்றைக் கற்றுக்கொள்வதாகும். பாடம் முடிந்த பிறகு கொடுக்கும் ஓய்வாக இம்முறை விளையாட்டைக் கருதுவதில்லை. இவ்வயதில் பாடம் நடைபெறும் வழியே விளையாட்டுதான் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

தமிழ்நாட்டில் பல வீடுகளிலும் மழலையர் பள்ளிகளிலும் 3 வயது நிறைந்தவுடன் குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து, நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் வழக்கம் உள்ளது. கை அதற்குத் தயாராகும் முன்பே இது நடப்பதால், எழுத்தின் மீது ஆர்வம் வருவதற்குப் பதிலாகச் சலிப்பும் அச்சமும் வரக்கூடும். எழுதும் முன் கையும், படிக்கும் முன் காதும், எண்ணுருவைப் பார்க்கும் முன் பொருளும் பழக வேண்டும். இந்த வரிசையைக் காப்பதே முன்பருவ விளையாட்டுகளின் முதன்மையான பயன்.

தோற்றமும் வளர்ச்சியும்

தமிழ் மரபில்

குழந்தையின் வளர்ச்சியை அதன் விளையாட்டைக் கொண்டே அளந்த மரபு தமிழில் உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. செங்கீரைப் பருவம் என்பது ஏறத்தாழ 5ஆம் மாதத்தில் குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணிப் பருவம் ஏறத்தாழ 9ஆம் மாதத்தில் கைகொட்டுவது. அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவையும் பெண்பாற் பிள்ளைத்தமிழின் அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவையும் விளையாட்டுகளின் பெயர்களே.

பட்டினப்பாலையில் சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டும் மூன்று உருளைச் சிறுதேர் பேசப்படுகிறது. இன்றும் நடக்கப் பழகும் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் மர நடைவண்டிக்கு மூன்று சக்கரங்களே உள்ளன.

உலகிலும் இந்தியாவிலும்

ஜெர்மனியைச் சேர்ந்த பிரடெரிக் புரோபெல் (1782–1852) 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயரிட்டார். நூல் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் போன்ற பொருள்களை வரிசையாகக் கொடுத்து விளையாடச் செய்தது இவருடைய முறை.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி (1870–1952) 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், உழைக்கும் மக்களின் குழந்தைகளுக்காகக் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற மேசை, கைக்கு எட்டும் அலமாரி, தானே செய்து தானே திருத்திக்கொள்ளும் கருவிகள் ஆகியவை இம்முறையின் அடையாளங்கள். அவர் 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அக்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றினார்.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா (1885–1939) 1920இல் பாவ்நகரில் பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் (1892–1973) பின்னர் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும் அனுதாய் வாக் என்பவருடன் சேர்ந்து கிராமத்து, பழங்குடிக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். விலை உயர்ந்த கருவிகளுக்குப் பதிலாக இலை, விதை, கூழாங்கல், சிப்பி ஆகியவற்றைக் கொண்டே கற்பிக்க முடியும் என்று அவர்கள் காட்டினர்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. அங்கன்வாடி மையங்கள் இத்திட்டத்தின் வழியே வந்தவை. தேசியக் கல்விக் கொள்கை 2020, 3 முதல் 8 வயது வரையுள்ள ஐந்து ஆண்டுகளை அடிப்படைக் கல்வி நிலை என ஒன்றாகக் கொள்கிறது. இந்நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2022இல் வெளியானது. விளையாட்டை மையமாகக் கொண்ட அது, இவ்வயதினருக்கு எழுத்துத் தேர்வு பொருந்தாது என்றும் கூறுகிறது.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டுப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. ஏணிப்படி அட்டவணை, கற்றல் அட்டைகள், தரையில் வட்டமாக அமர்தல், குழந்தைகள் எழுதுவதற்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை ஆகியவை இதனால் வகுப்பறைக்குள் வந்தன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துப் பாடல், கதை, பொம்மலாட்டம், செயல்பாடு ஆகியவற்றின் வழியே கற்பிக்கிறது.

அடிப்படைக் கருத்துகள்

கை வளரும் வரிசை

ஒரு வடிவத்தைக் காட்டி அதைப் போலவே வரையச் சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் ஏறத்தாழ 3 வயதில் வட்டத்தையும், 4 வயதில் கூட்டல் குறியையும், 5 வயதை ஒட்டிச் சதுரத்தையும், 5 வயதுக்குப் பிறகு முக்கோணத்தையும் வரைகிறார்கள். முன்பின்னாகச் சில மாதங்கள் வேறுபடலாம். பென்சிலை முதலில் முழுக் கையால் பிடிக்கும் குழந்தை, படிப்படியாகவே கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகிய மூன்றால் பிடிக்கும் நிலைக்கு வருகிறது.

இந்த வரிசையைத் தமிழ் எழுத்துகளோடு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 'அ', 'இ' ஆகிய எழுத்துகளில் சுழியும் வளைவும் கோடும் கலந்துள்ளன. சதுரமே வரைய வராத குழந்தையை 'இ' எழுதச் சொல்வது, நடை பழகாத குழந்தையை ஓடச் சொல்வதற்கு ஒப்பானது. 'ட' எழுத ஒரு நிற்கும் கோடும் ஒரு படுக்கைக் கோடும் போதும். 'ப' என்பது மேற்பக்கம் திறந்த சதுரம். அதிலிருந்து 'ம' அதிகத் தொலைவில் இல்லை. இந்த மூன்று எழுத்துகளும் மெய்யின் புள்ளியும் தெரிந்தால் 'படம்', 'பட்டம்', 'மட்டம்' என்று பொருளுள்ள சொற்களைப் படித்துவிடலாம். சொல்லும்போது அகரத்தில் தொடங்குவதும், எழுதும்போது எளிய வடிவத்தில் தொடங்குவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

பொருளிலிருந்து எண்ணுக்கு

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே (1896–1980) செய்து காட்டிய ஒரு சோதனையை எந்த வீட்டிலும் செய்யலாம். ஆறு புளியங்கொட்டைகளை நெருக்கமாக ஒரு வரிசையிலும், வேறு ஆறு கொட்டைகளை இடைவெளி விட்டு இன்னொரு வரிசையிலும் வைக்க வேண்டும். எதில் அதிகம் என்று கேட்டால், 4 வயதுக் குழந்தை பெரும்பாலும் நீளமான வரிசையைக் காட்டும். அதே குழந்தை 1 முதல் 50 வரை மனப்பாடமாகச் சொல்லக்கூடும். எண்களின் பெயரைச் சொல்வதும் அளவை அறிவதும் வெவ்வேறு திறன்கள் என்பதை இச்சோதனை காட்டுகிறது.

விளையாட்டில் உள்ள விதி

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934), பாவனை விளையாட்டில் குழந்தை தன் விருப்பப்படி மட்டும் நடப்பதில்லை, தானே ஏற்றுக்கொண்ட விதிக்குக் கட்டுப்படுகிறது என்று விளக்கினார். சொப்புச் சாமான் வைத்து விளையாடும்போது 'அம்மா'வாக இருக்கும் குழந்தை, பசித்தாலும் 'பிள்ளைகளுக்கு'ப் பரிமாறிய பிறகே சாப்பிடுவதாக நடிக்கும். மணல் சோறாகவும் இலை அப்பளமாகவும் மாறுகின்றன. ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் இந்தப் பழக்கம், பின்னாளில் ஒலிக்குப் பதில் எழுத்தையும் அளவுக்குப் பதில் எண்ணுருவையும் ஏற்றுக்கொள்ள உதவுகிறது.

வீட்டில் செய்யத்தக்க விளையாட்டுகள்

வீட்டு விளையாட்டுகளுக்குத் தனி நேரமோ விலைக்கு வாங்கிய கருவிகளோ தேவையில்லை. சமையலறை, திண்ணை, வாசல், துணி மடிக்கும் இடம் ஆகியவையே போதும்.

காதுக்கும் பேச்சுக்கும்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. இத்தனையையும் பார்த்து அறிவதற்கு முன், அவற்றின் ஒலிகளைக் காது பிரித்தறிய வேண்டும்.

1. முதல் ஒலி: "மா என்று தொடங்கும் பொருள் வீட்டில் என்னென்ன?" என்று கேட்க வேண்டும். மாவு, மாங்காய், மாத்திரை, மாடி எனக் குழந்தை தேடிச் சொல்லும். பெரியவர் தாமும் ஒரு சொல்லைச் சொல்லித் தொடர வேண்டும்.
2. கைதட்டிப் பிரித்தல்: 'த-க்-கா-ளி' என்று முழுவதும் உடைக்காமல், 'தக்-கா-ளி' என்று ஒலிக்கும் அசைக்கு ஒரு தட்டாகத் தட்டலாம். வீட்டில் உள்ளவர்களின் பெயர்களில் தொடங்குவது எளிது.
3. கடைசி ஒலியில் தொடர்தல்: ஒருவர் 'பூனை' என்றால், அடுத்தவர் 'நை' என்று தேடித் திண்டாட நேரும். ஆகவே 'பாப்பா', 'பாய்', 'யானை' என முதலில் பெரியவர் எளிய சொற்களைத் தேர்ந்து நடத்த வேண்டும். இது 5 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றது.
4. கதையில் நிறுத்துதல்: தெரிந்த கதையைச் சொல்லும்போது முக்கியமான இடத்தில் நிறுத்தினால் குழந்தை நிரப்பும். வேண்டுமென்றே தவறாகச் சொன்னால் திருத்தும். கதையின் வரிசை அதன் மனத்தில் நிற்கிறதா என்பதை இதைவிட எளிதாக அறிய முடியாது.

குழந்தை தன் பேச்சு வழக்கில் பேசுவதை இடையில் நிறுத்தித் திருத்தக் கூடாது. அது சொன்னதையே பெரியவர் தெளிவாகத் திரும்பச் சொன்னால் போதும்.

எண்ணுக்கும் அளவுக்கும்

சரியாக எண்ணுவதில் சில விதிகள் அடங்கியுள்ளன. எண்களை ஒரே வரிசையில் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு எண் மட்டுமே சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. ரோச்செல் கெல்மன், சார்லஸ் கேலிஸ்டல் ஆகியோர் 1978இல் வெளியிட்ட நூலில் இவற்றை எண்ணும் கொள்கைகளாக விளக்கினர். சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் வேலையில் இவை எல்லாம் உள்ளன. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு டம்ளர் என்று வைக்கும் குழந்தை, இன்று பாட்டி ஊருக்குப் போயிருப்பதால் ஒன்று குறைவு என்று சொல்லும்போது கழித்தலைத் தொட்டுவிடுகிறது.

பல்லாங்குழியை வயதுக்கு ஏற்றபடி மூன்று நிலைகளில் ஆடலாம்.

- 4 வயதில்: 14 குழிகளிலும் குழிக்கு ஒன்றாகக் காய் போடுதல். ஒரு குழி, ஒரு காய் என்னும் பொருத்தம் கைக்கு வரும்.
- 5 வயதில்: 1, 2, 3, 4 காய்கள் உள்ள குழிகளை எண்ணாமல் பார்த்தவுடன் சொல்லுதல். ஆட்டத்தில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. அதை உடனே கண்டுகொள்ளும் ஆவலில் கண் அளவைப் பழகுகிறது.
- 6 வயதுக்கு மேல்: குழிக்கு 5 காய் வீதம் 70 காய்களை வைத்து முழு ஆட்டம். கையில் உள்ள காய் எந்தக் குழியில் தீரும் என்று முன்கூட்டியே கணக்கிடத் தொடங்குவது இந்நிலையில்தான்.

தாயம் 6 வயதுக்கு மேல் பொருந்தும். இரண்டு தாயக்கட்டைகளின் புள்ளிகளைச் சேர்த்துச் சொல்வதும், கட்டத்தில் அத்தனை இடம் நகர்த்துவதும் கூட்டலை அலுப்பில்லாமல் பலமுறை செய்ய வைக்கின்றன.

தமிழ் எண்ணுப்பெயர்கள் பத்தை வெளிப்படையாகக் காட்டுபவை. 'பதினான்கு' என்பதில் பத்தும் நான்கும் கேட்கின்றன. 'இருபது' என்பதில் இரண்டு பத்துகள். பத்து ஈர்க்குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி, ஒரு கட்டும் நான்கு குச்சியும் வைத்துப் 'பதினான்கு' என்று சொல்ல வைத்தால் இடமதிப்பின் விதை ஊன்றப்படுகிறது. 'எண்பத்தொன்பது' முடிந்து 'தொண்ணூறு' வரும் இடத்தில் குழந்தைகள் தடுமாறுவது இயல்பு. அப்பெயரில் நூறு ஒலித்தாலும் அளவு ஒன்பது பத்துகளே என்பதைக் கட்டுகளை வைத்துக் காட்ட வேண்டும்.

கைக்கும் விரலுக்கும்

- பச்சைப் பட்டாணி உரித்தல், கீரை ஆய்தல், பூண்டுத் தோல் நீக்குதல்
- சப்பாத்தி மாவை உருட்டுதல், களிமண்ணில் சட்டி பானை செய்தல்
- துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டி எடுத்தல்
- பெரிய ஊசியில்லாமல் கயிற்றில் மணி கோத்தல்
- ஈர மணலிலும் அரிசி மாவு பரப்பிய தட்டிலும் விரலால் வரைதல்
- பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுதல், ஓலைக் காற்றாடி செய்தல்

இவை ஒவ்வொன்றும் விரல்களுக்கு வலுவையும் கண்ணும் கையும் இணைந்து செயல்படும் பழக்கத்தையும் தருகின்றன. பென்சில் பிடிக்கும் மூன்று விரல்களே பட்டாணித் தோலையும் பிரிக்கின்றன.

கோலம் கையையும் எண்ணையும் ஒன்றாகப் பழக்குகிறது. முதலில் மூன்று வரிசையில் மும்மூன்று புள்ளி வைத்தால் 9. பிறகு 1, 3, 5, 3, 1 என நேர்ப்புள்ளி வைத்தால் 13. இடுக்குப்புள்ளியில் 3, 4, 5, 4, 3 என்று வைத்தால் 19. குழந்தைக்குக் கோடு கோணினாலும் பரவாயில்லை. புள்ளிகளுக்கிடையே ஒரே அளவு இடைவெளி விடும் முயற்சியே பயிற்சி. ஆண், பெண் இருபாலருக்கும் இது பொருந்தும்.

இடக்கையைப் பயன்படுத்தும் குழந்தையை வலக்கைக்கு மாற்ற வற்புறுத்தக் கூடாது.

உடலுக்கு

பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்றல், கோட்டை மிதிக்காமல் தாவுதல், குனிந்து சில்லை எடுத்தல் ஆகியவை உடலின் சமநிலையை வளர்க்கின்றன. கண்ணாமூச்சியில் ஒலி வரும் திசையை அறிதலும் பச்சைக்குதிரையில் தூரத்தைக் கணித்தலும் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் இயக்கத்தில் இருக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது ஓடுதல், தாவுதல் போன்ற விறுவிறுப்பான இயக்கமாக இருக்க வேண்டும். திரை பார்க்கும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது.

பள்ளியில் செய்யத்தக்க விளையாட்டுகள்

வீட்டில் ஒருவர் ஒரு குழந்தையைக் கவனிக்கலாம். வகுப்பில் ஓர் ஆசிரியரிடம் முப்பது குழந்தைகள் இருக்கலாம். ஆகவே பள்ளியில் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்கு செய்வது முதல் வேலை.

மூலைகள்

வகுப்பறையின் நான்கு மூலைகளைப் புத்தக மூலை, கட்டைகள் மூலை, கடை அல்லது சமையல் மூலை, வரைதல் மூலை எனப் பிரிக்கலாம். முப்பது குழந்தைகளை அறுவர் கொண்ட ஐந்து குழுக்களாக்கி, நான்கு குழுக்களை மூலைகளிலும் ஒரு குழுவை ஆசிரியருடனும் அமர்த்தலாம். சுழற்சி முறையில் குழு மாறும்போது, ஒவ்வொரு குழந்தையும் ஆசிரியருடன் அருகிருந்து பேசும் வாய்ப்பைப் பெறும். தீப்பெட்டி, பாட்டில் மூடி, பழைய நாட்காட்டி அட்டை, தேங்காய்ச் சிரட்டை ஆகியவை நல்ல கருவிகள்.

மூன்று மணி நேரம் நடக்கும் ஒரு மழலையர் வகுப்பை இவ்வாறு அமைக்கலாம்: வட்டமாக அமர்ந்து பேசுதலும் பாடலும் 20 நிமிடம், மூலைகளில் விளையாட்டு 50 நிமிடம், சிற்றுண்டி 20 நிமிடம், வெளி விளையாட்டு 40 நிமிடம், மொழி அல்லது எண் சார்ந்த வழிநடத்திய விளையாட்டு 20 நிமிடம், கதை 20 நிமிடம், பொருள்களை எடுத்து வைத்தல் 10 நிமிடம். எடுத்து வைப்பதும் கற்றலே. வகைப்படுத்துதல் அதில் உள்ளது.

புலியா, புளியா?

தமிழில் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் பெரிய வகுப்புகளிலும் பிழைக்கு இடமாகின்றன. இவற்றை எழுத்தில் திருத்துவதைவிட முதலில் காதில் பழக்குவது எளிது.

1. தரையில் இரண்டு பெரிய வட்டங்கள் வரைந்து, ஒன்றில் புலியின் படத்தையும் மற்றொன்றில் புளியம்பழத்தையும் வைக்க வேண்டும்.
2. ஆசிரியர் ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்ல, குழந்தைகள் உரிய வட்டத்துக்குள் தாவ வேண்டும்.
3. பழகிய பின் ஒரு குழந்தையே சொல்பவராக மாறலாம்.
4. மலை–மழை, வால்–வாள் என்று சொற்களை மாற்றிக்கொள்ளலாம்.

ழகரத்தை ளகரமாகப் பேசும் பகுதிகளில் குழந்தையை நகைக்கக் கூடாது. வேறுபாட்டைக் கேட்டறிவது முதல் படி. உச்சரிப்பது அடுத்த படி.

பறக்கும், பறக்காது

ஆசிரியர் "காகம்", "கிளி", "எருமை" என ஒவ்வொன்றாகச் சொல்வார். பறப்பவற்றுக்கு மட்டும் கை உயர்த்த வேண்டும். வேகம் கூடக் கூட, தூக்க வந்த கையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் வருகிறது. உடனே செய்யத் தோன்றுவதை நிறுத்தி யோசிக்கும் இத்திறன், வகுப்பில் தன் முறை வரும் வரை காத்திருக்கவும் உதவும். கோழி, நெருப்புக்கோழி ஆகியவற்றைச் சொன்னால் விவாதம் எழும். அந்த விவாதத்தை நிறுத்தாமல் வளர விடுவது நல்லது.

கடை விளையாட்டு

ஒரு குழந்தை கடைக்காரர், மற்றவர்கள் வாங்குபவர்கள். கூழாங்கல்லே காசு. 4 வயதில் ஒரு பொருளுக்கு ஒரு கல். 6 வயதில் விலைச்சீட்டு, பாக்கி கொடுத்தல், எடை பார்த்தல் ஆகியவற்றைச் சேர்க்கலாம். "காசு இல்லை, நாளைக்குத் தருகிறேன்" என்று ஒரு குழந்தை சொல்லி, கடைக்காரக் குழந்தை அதை ஒரு தாளில் கிறுக்கி வைத்துக்கொண்டால், எழுத்து எதற்காக என்பதை அது கண்டுகொண்டுவிட்டது. அந்தக் கிறுக்கலில் எழுத்து ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஆயினும் மறக்காமலிருக்க எழுதி வைக்க வேண்டும் என்னும் தேவை பிறந்துவிட்டது.

தொட்டுக் கண்டுபிடித்தல்

துணிப்பையில் தேங்காய் ஓடு, பஞ்சு, சங்கு, கரண்டி போன்றவற்றைப் போட்டு, பார்க்காமல் தொட்டுப் பெயரையும் தன்மையையும் சொல்ல வைக்கலாம். சொரசொரப்பு, வழவழப்பு, கனம், குளிர்ச்சி ஆகிய சொற்கள் அனுபவத்தோடு வந்து சேரும். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தை மற்றவர்களுக்கு இணையாகவும் சில வேளைகளில் முந்தியும் நிற்கும் விளையாட்டு இது.

பெரியவரின் பங்கு

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது, பொருளை எடுத்து வைப்பது, தொடங்கி வைப்பது, பிறகு விலகி நின்று பார்ப்பது ஆகியவை பெரியவரின் வேலைகள். இவற்றுள் கடைசி வேலையே கடினமானது.

மணல் வீடு கட்டும் குழந்தையிடம் "இது என்ன நிறம், இது என்ன வடிவம், எத்தனை?" என்று அடுக்கினால் விளையாட்டு தேர்வாகிவிடும். "இந்த வீட்டுக்கு எப்படி உள்ளே போவது?" என்று கேட்டால் விளையாட்டு நீளும். முதல் வகைக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை முடிந்துவிடும். இரண்டாம் வகைக் கேள்விக்குக் குழந்தை பேச வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், சில நேரம் வீட்டையே மாற்றிக் கட்ட வேண்டும். கேட்ட பிறகு பதில் வரும் வரை பொறுத்திருப்பதும் அவசியம்.

தோல்வியைக் கையாளுவதும் இங்கேதான் பழகுகிறது. எப்போதும் விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைப்பதும், எப்போதும் தோற்கடிப்பதும் பயன் தராது.

மதிப்பீடு

இவ்வயதில் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. உற்றுநோக்கலே மதிப்பீடு. ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஓரிரு வரிகள் எழுதினால் போதும்: "ஐந்து வரை பொருளைத் தொட்டு எண்ணுகிறாள். கதையில் அடுத்து வருவதைச் சொல்கிறாள். கத்தரிக்கோல் பிடிக்கத் தயங்குகிறாள்." இக்குறிப்பு அடுத்த வாரத்து விளையாட்டைத் தேர்வு செய்ய உதவும். குழந்தைகளின் ஓவியங்களைத் தேதியிட்டுச் சேர்த்து வைத்தால் வளர்ச்சி கண்முன் தெரியும்.

பள்ளிச் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதை இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 13ஆம் பிரிவு தடை செய்கிறது.

ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, முன்பு செய்தவற்றை இழத்தல் ஆகியவை தென்பட்டால் தானே சரியாகும் என்று காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். கேள்திறன் பரிசோதனையும் இதில் அடங்கும்.

பாதுகாப்பு

- 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புளியங்கொட்டை, சோழி, மணி, பொத்தான், நிலக்கடலை ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்துடையது. அதற்கு மேற்பட்ட வயதினரும் பெரியவர் பார்வையிலேயே ஆட வேண்டும்.
- பல்லாங்குழிக்குக் குன்றிமணியைப் பயன்படுத்தக் கூடாது. அதன் விதை கடுமையான நச்சுடையது. மென்றாலோ உடைந்து உள்ளே போனாலோ உயிருக்கு ஆபத்து.
- பொம்மைகளிலும் கடிகாரங்களிலும் உள்ள வட்ட பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
- வாளி, தொட்டி ஆகியவற்றில் நீர் விளையாட்டு நடக்கும்போது ஒரு நிமிடமும் குழந்தையைத் தனியே விடக் கூடாது.

வரம்புகளும் தவறான கருத்துகளும்

"விளையாட விட்டால் எல்லாம் தானே வரும்" என்பது சரியன்று. பேச்சு கேட்டுப் பழகுவதால் வருகிறது; எழுத்து அவ்வாறு வருவதில்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை ஒருவர் முறையாகக் கற்பித்தே ஆக வேண்டும். அதற்குக் காதையும் கையையும் ஆயத்தப்படுத்துவதே விளையாட்டின் பங்கு. 1, 2ஆம் வகுப்புகளில் முறையான கற்பித்தலோடு விளையாட்டும் தொடர வேண்டும்.

"கல்விப் பொம்மைகள் வாங்கினால்தான் முடியும்" என்பதும் சரியன்று. ஒரே வேலை செய்யும் பொத்தான் பொம்மையைவிட, வண்டியாகவும் வீடாகவும் கடையாகவும் மாறும் ஓர் அட்டைப்பெட்டி குழந்தையிடம் அதிக நாள் நிற்கும்.

"அடுத்த வீட்டுக் குழந்தை எழுதுகிறதே" என்னும் ஒப்பீடே 3 வயதில் பென்சிலைக் கொடுக்க வைக்கும் பெரிய காரணம். சில மாதங்கள் பின்னால் எழுதத் தொடங்கும் குழந்தை, கை பழகியிருந்தால் எளிதில் சேர்ந்துகொள்ளும். எழுதும் நோட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையை மீண்டும் அதன் அருகே கொண்டுவருவது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நெடுநாள் வேலையாகிவிடும்.